கல்லுக்குள் கரி

2025 ஏப்ரல் 4-ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரு புதிய வரி நடைமுறைக்கு வந்தது. கனிமம் உள்ள நிலத்துக்கான வரி. வெட்டியெடுக்கும் ஒவ்வொரு டன் சுண்ணாம்புக்கல்லுக்கும் 160 ரூபாய். ஏற்கெனவே டன்னுக்கு 80 ரூபாய் கனிம உரிமைத்தொகை கட்டிவந்த சிமெண்ட் ஆலைகளுக்கு இது பெரிய தொகை. மூட்டை விலை ஏறும் என்ற பேச்சு உடனே கிளம்பியது.

அருப்புக்கோட்டைப் பக்கம் இந்த வரி வெறும் பத்திரிகைச் செய்தி அல்ல. நகரிலிருந்து தூத்துக்குடி சாலையில் தெற்கே போனால் பந்தல்குடி வரும். அங்கே கரிசல் மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. விருதுநகரை அடுத்த ஆர்.ஆர்.நகரில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய மெட்ராஸ் சிமெண்ட்ஸ், இன்றைய ராம்கோ, 1960-களின் தொடக்கத்திலிருந்து இந்த வட்டாரத்துக் கல்லைச் சுட்டுச் சிமெண்ட் ஆக்கி வருகிறது. இதே மாவட்டத்தின் ஆலங்குளத்தில் அரசு தொடங்கிய சிமெண்ட் ஆலைக்கும் ஐம்பது வயது கடந்துவிட்டது. மழை பொய்த்தால் வேறு வழியில்லாத பூமியில் மழையை நம்பாத பிழைப்புகளில் ஒன்று இந்தக் கல்.

வரிச் செய்தியைப் படித்தவர்கள் மனதில் எழும் கேள்வி நியாயமானது. கல்லுக்கு வரி, நிலக்கரிக்கு வரி, இப்போது புகைக்கும் விலை என்கிறார்கள். எதைப் போட்டாலும் ஆலைக்காரர் அதை மூட்டை விலையில் ஏற்றிவிட்டுப் போய்விட மாட்டாரா? வீடு கட்டுகிறவர் காசு கொடுப்பார், புகை அப்படியே போகும். அப்புறம் எதற்கு வரி?

பதில் கணக்கில் இருக்கிறது. அதற்கு முதலில் சூளைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

சூளையில் என்ன நடக்கிறது

சிமெண்ட் ஆலை என்றதும் புகைபோக்கியும் நிலக்கரியும் நினைவுக்கு வரும். ஆலை வெளியிடும் கரியமில வாயு முழுவதும் எரிபொருளிலிருந்தே வருகிறது என்று எண்ணத் தோன்றும். உண்மை வேறு.

சுண்ணாம்புக்கல் என்பது சுண்ணாம்பும் கரியமில வாயுவும் சேர்ந்து இறுகிய பொருள். பழைய சுண்ணாம்புக் காளவாசலில் நடந்ததும் இதுதான்: கல்லைச் சுட்டால் வாயு பிரிந்து பறந்துவிடும், நீற்றுகிற சுண்ணாம்பு மிஞ்சும். தூய கல் 100 கிலோ சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். சிமெண்ட் சூளையில் வெப்பம் இன்னும் அதிகம், 1,450 டிகிரி வரை. களிமண்ணின் பகுதிப் பொருள்களும் சேர்ந்து உருகிக் கட்டி கட்டியாக வெளிவரும். அதன் பெயர் கிளிங்கர். கிளிங்கரை ஜிப்சத்தோடு அரைத்தால் சிமெண்ட்.

ஒரு டன் கிளிங்கருக்குச் சுமார் ஒன்றரை டன் கல் வேண்டும். அந்தக் கல்லிலிருந்து மட்டும் வெளியேறும் கரியமில வாயு 530 கிலோ. நல்ல நவீனச் சூளையில் எரிபொருளிலிருந்து வருவது 320 கிலோ அளவில். ஆக, புகைபோக்கி வழியே போவதில் அறுபது சதவீதத்துக்கு மேல் கல்லுக்குள் இருந்த கரி. நிலக்கரியை அடியோடு நிறுத்தி விறகோ வேறெதுவோ எரித்தாலும் இந்த 530 கிலோ குறையாது.

உலகின் கரியமில வாயு வெளியீட்டில் ஏழெட்டுச் சதவீதம் சிமெண்ட் தொழிலுடையது. எரிபொருளை மாற்றினால் போதும் என்ற யோசனை இங்கே பாதியில் நின்றுவிடுகிறது.

ஒரு கற்பனைச் சூளை

கணக்குக்காக ஒரு சூளையை வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 10 லட்சம் டன் கிளிங்கர். அதோடு அனல்மின் நிலையச் சாம்பல் கலந்து சுமார் 15 லட்சம் டன் சிமெண்ட், அதாவது மூன்று கோடி மூட்டை. நாம் கடையில் வாங்கும் சாம்பல் கலந்த மூட்டையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கிளிங்கர். தென் மாவட்டங்களில் இந்தச் சாம்பலுக்குத் தூத்துக்குடி அனல்மின் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.

கல்வரி டன்னுக்கு 160 ரூபாய். ஒரு டன் கிளிங்கருக்கு ஒன்றரை டன் கல், ஆக 240 ரூபாய். மூட்டைக்குப் பிரித்தால் எட்டு ரூபாய்.

அடுத்து நிலக்கரி. 2010-இல் மத்திய அரசு நிலக்கரி மீது தூய எரிசக்தி மேல்வரி போட்டது. டன்னுக்கு 50 ரூபாயில் தொடங்கி 2014-இல் 100, 2015-இல் 200, 2016-இல் 400 என ஏறியது. தரமான இறக்குமதி நிலக்கரி என்றால் ஒரு டன் கிளிங்கருக்கு 125 கிலோ போதும். 400 ரூபாய் வீதத்தில் மேல்வரி 50 ரூபாய். மூட்டைக்கு ஒன்றரை ரூபாய் சொச்சம்.

இரண்டையும் கரியமில வாயுவின் அளவில் பார்த்தால் வியப்பான ஒன்று தெரிகிறது. தூய எரிசக்தியின் பெயரில் வந்த நிலக்கரி மேல்வரி, எரிபொருளிலிருந்து வரும் ஒரு டன் கரியமில வாயுவுக்கு ஏறத்தாழ 160 ரூபாய் விலை வைத்தது. வருவாய்க்காக மட்டுமே வந்த கல்வரியோ, கல்லிலிருந்து வரும் ஒரு டன் கரியமில வாயுவுக்கு ஏறத்தாழ 450 ரூபாய் விலை வைக்கிறது. சுற்றுச்சூழல் என்ற சொல்லே இல்லாத மாநில வரி, தன்னையறியாமல் மூன்று மடங்கு கடுமையான கரிமவிலையாக இருக்கிறது.

கரிமவிலை என்ற சொல்லுக்கும் இதுவே விளக்கம். காற்றில் விடும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் ஒரு விலை. அது வரியாகவும் இருக்கலாம், சந்தையில் வாங்கும் அனுமதியாகவும் இருக்கலாம்.

பேர் சொல்லிப் போட்ட வரி

நிலக்கரி மேல்வரிக்கு ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அது நிலக்கரி, பழுப்பு நிலக்கரி என்று பொருளின் பேர் சொல்லிப் போட்ட வரி. எண்ணெய் சுத்திகரிப்பில் மிஞ்சும் பெட்கோக் அந்தப் பட்டியலில் இல்லை. பெட்கோக் கிட்டத்தட்ட முழுவதும் கரிதான், கந்தகமும் அதிகம். ஆனால் சிமெண்ட் சூளைக்கு அது ஒத்துவரும், ஏனென்றால் கந்தகத்தைச் சுண்ணாம்பே பிடித்துக்கொள்ளும். 2017-இல் டெல்லி சுற்றுவட்டாரத்தில் பெட்கோக்கைத் தடைசெய்த உச்ச நீதிமன்றம், அந்த ஆண்டு முடிவதற்குள் சிமெண்ட் ஆலைகளுக்கு விலக்கு கொடுத்ததும் இதனால்தான். பெட்கோக் மலிவாகக் கிடைத்த ஆண்டுகளில் நிலக்கரி மீது மட்டும் இருந்த மேல்வரி, சூளைகளை அதன் பக்கமே தள்ளியது. கரிக்கு வரி போடாமல் ஒரு பொருளுக்கு வரி போட்டால் ஆலை பொருளை மாற்றும், கரி அப்படியே இருக்கும்.

2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்த 400 ரூபாய், மாநிலங்களுக்கான இழப்பீட்டு மேல்வரியாகப் பெயர் மாறியது. பிறகு 2025 செப்டம்பர் 22 முதல் மேல்வரியை எடுத்துவிட்டு நிலக்கரி மீதான ஜிஎஸ்டியை 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்த்தினார்கள். வரி ஏறியது போலத்தான் தோன்றும். சிமெண்ட் ஆலைக்கு நடந்தது நேர்மாறு. மூலப்பொருளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைச் சிமெண்ட் விற்கும்போது கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். பழைய மேல்வரியை அப்படிக் கழிக்க முடியாது, அது முழுச் செலவு. ஆகவே 18 சதவீதம் ஆலைக்குச் சுமையாக நிற்கவில்லை, நின்றுகொண்டிருந்த 400 ரூபாய் போய்விட்டது. மின்சாரம் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் அனல்மின் நிலையங்களுக்கு இந்தக் கழிவு கிடையாது.

ஒரு வரி முதலீட்டை மாற்றுமா என்று பார்ப்பவர்கள் விகிதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். கழித்துக்கொள்ள முடியாத காசு எவ்வளவு என்பதே ஆலையின் கணக்குப்பிள்ளை பார்க்கும் எண்.

இருக்கும் சூளையும் வரப்போகும் சூளையும்

மூட்டை விலையில் ஏற்றிவிட்டுப் போய்விட மாட்டாரா என்ற கேள்விக்கு இப்போது வரலாம். பெரும்பகுதி ஏற்றத்தான் செய்வார். ஆனால் எல்லா இடத்திலும் ஏற்ற முடியாது. ஆந்திரச் சூளைகள் தமிழ்நாட்டின் கல்வரியைக் கட்டுவதில்லை. அங்கிருந்து சரக்கு ரயிலில் வரும் சிமெண்ட் சென்னைச் சந்தையில் போட்டியிடுகிறது. தமிழ்நாட்டுச் சூளை முழு வரியையும் விலையில் ஏற்றினால் விற்பனை நழுவும்.

ஆலை ஒரே இரவில் ஊரைவிட்டுப் போய்விடாது. சூளை நாற்பது ஆண்டு நிற்கும், போட்ட காசு போட்டதுதான், பந்தல்குடிக் கல்லும் இடம் பெயராது. மாறுவது அடுத்த முடிவு. பல நூறு கோடி ரூபாயில் அடுத்த சூளையை எங்கே கட்டுவது என்று இயக்குநர் கூட்டம் பேசும்போது, டன்னுக்கு 240 ரூபாய் வித்தியாசம் மேசைக்கு வரும். இன்றைய புகைபோக்கியில் தெரியாத வரியின் விளைவு பத்தாண்டு கழித்து வேறு மாவட்டத்தில், வேறு மாநிலத்தில் தெரியும்.

ஐரோப்பிய ஒன்றியம் இதே சிக்கலைத் தன் எல்லையில் சந்தித்தது. அங்கே 2005 முதல் கரிம அனுமதிச் சந்தை நடக்கிறது. தொழில்கள் ஓடிவிடும் என்ற பயத்தில் சிமெண்ட், எஃகு ஆலைகளுக்கு அனுமதிகளை இலவசமாகவே கொடுத்தார்கள். அனுமதிகள் தேவைக்கு மேல் குவிந்ததால் பல ஆண்டுகள் விலை படுத்துக் கிடந்தது. 2013-இல் டன்னுக்கு ஐந்து யூரோவுக்கும் கீழே போனது. விதிகளை இறுக்கிய பிறகு 2023 பிப்ரவரியில் நூறு யூரோவைத் தொட்டது. இலவசத்தைப் படிப்படியாக நிறுத்த வேண்டும், ஆனால் வெளியிலிருந்து மலிவுச் சரக்கு புகுந்துவிடக் கூடாது. அதற்காக இறக்குமதியாகும் எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம் போன்றவற்றின் கரிக்கு 2026 ஜனவரி முதல் எல்லையிலேயே விலை வைக்கிறார்கள். இந்தியாவில் இந்த அடி விழுவது முக்கியமாக எஃகு, அலுமினிய ஏற்றுமதியாளர்கள் மீது. சிமெண்ட் அவ்வளவு தூரம் கப்பலேறும் சரக்கல்ல.

எந்த விலைக்கு எது நகரும்

நம் கற்பனைச் சூளைக்கு ஒரு டன் கரியமில வாயுவுக்கு 1,000 ரூபாய் என்று விலை வைத்துப் பார்ப்போம். ஆலையின் முன் மூன்று முதலீடுகள் இருக்கின்றன.

முதலாவது, சூளையிலிருந்து வீணாகும் வெப்பத்தில் மின்சாரம் எடுப்பது. ஆண்டுக்கு மூன்று கோடி யூனிட் கிடைக்கும். யூனிட்டுக்கு ஆறு ரூபாய் மிச்சம் என்றால் 18 கோடி. அதே மின்சாரத்தைக் கட்டமைப்பிலிருந்து வாங்காததால் குறையும் கரியமில வாயு சுமார் 21,000 டன், அதன் மதிப்பு 2 கோடி 10 லட்சம். முதலீடு 60 கோடி என்று வைத்தால், கரிமவிலை இல்லாமல் மூன்று ஆண்டு நான்கு மாதத்தில் திரும்பும் காசு, இருந்தால் மூன்று ஆண்டில் திரும்பும். அவ்வளவுதான். இந்த முதலீட்டை மின்கட்டணமே செய்யவைத்துவிடும், கரிமவிலை கொஞ்சம் முதுகில் தட்டிக்கொடுக்கிறது.

இரண்டாவது, கிளிங்கரையே குறைப்பது. சுவிட்சர்லாந்தின் லொசான் தொழில்நுட்பக் கழகமும் டெல்லி, சென்னை ஐஐடிகளும் சேர்ந்து வளர்த்த ஒரு கலவை இருக்கிறது. பாதி கிளிங்கர், முப்பது சதவீதம் சுட்ட களிமண், பதினைந்து சதவீதம் சுடாத சுண்ணாம்புக்கல் பொடி, மீதி ஜிப்சம். களிமண்ணை 800 டிகிரி அளவில் சுட்டால் போதும், அதிலிருந்து கரியமில வாயு பிரிவதும் இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023-இல் இதற்குத் தரவிதி வெளியிட்டது. சாதாரண சிமெண்டோடு ஒப்பிட்டால் டன்னுக்கு ஏறத்தாழ 300 கிலோ கரியமில வாயு குறையும். 1,000 ரூபாய் விலையில் அது டன்னுக்கு 300 ரூபாய் ஆதாயம். கல் குறைவாகச் செலவாவதால் தமிழ்நாட்டின் கல்வரியிலும் 84 ரூபாய் மிச்சம். களிமண் சூளை கட்டுவதா வேண்டாமா என்று தயங்கும் ஆலைக்கு இந்தத் தொகை முடிவைச் சாய்த்துவிடும். எரிபொருளின் கரிக்கு மட்டும் அதே விலை வைத்திருந்தால் இவ்வளவு கிடைத்திருக்காது.

மூன்றாவது, புகைபோக்கியிலேயே வாயுவைப் பிடிப்பது. நார்வேயின் பிரெவிக் சிமெண்ட் ஆலையில் 2025 ஜூனில் இது தொடங்கியது. ஆண்டுக்கு 4 லட்சம் டன், அந்த ஆலையின் வெளியீட்டில் பாதி. செலவின் பெரும்பகுதியை நார்வே அரசு ஏற்றது. இப்படிப் பிடித்துக் கடலுக்கடியில் புதைக்க ஒரு டன்னுக்கு ஆகும் செலவின் முன்னால் 1,000 ரூபாய் விலை ஒரு மூலைக்கும் வராது. அதே நார்வேயில், கடலில் எரிவாயு எடுக்கும் நிறுவனம் 1996-இலேயே ஸ்லெய்ப்னர் வயலில் கரியமில வாயுவைப் பூமிக்குள் செலுத்தத் தொடங்கியது. 1991-இல் வந்த கடுமையான கரிமவரியைக் கட்டுவதைவிடப் புதைப்பது மலிவு என்பதே காரணம்.

அருப்புக்கோட்டைக்கு இன்னும் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் 2016-இல் தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்துச் சலவைச் சோடா தயாரிக்கத் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் அமைப்பு, அரசு மானியம் இல்லை. ஆலைக்கு அந்த வாயு மூலப்பொருளாகவே தேவைப்பட்டதால் அது சாத்தியமானது. நம் சூளை வெளியிடும் எட்டரை லட்சம் டன்னுக்கு அப்படி வாங்க ஆளில்லை.

மூன்றையும் வரிசையாகப் பார்த்தால் விடை தெளிகிறது. எரிபொருளை மிச்சப்படுத்தும் முதலீடு வரி இல்லாமலும் நடக்கும். கல்லுக்குள் இருக்கும் கரியைக் குறைத்தால் ஆலைக்கு எரிபொருள் மிச்சம் பெரிதாக இல்லை. அதற்குக் கரிமவிலைதான் முக்கிய உந்துதல்.

காற்றாலைகள் காட்டியது

விலை எவ்வளவு என்பதைப் போலவே, எவ்வளவு நாள் நிற்கும் என்பதும் முக்கியம். தென் மாவட்டத்து நூற்பாலைகளும் சிமெண்ட் நிறுவனங்களும் முப்பந்தலில் காற்றாலை நிறுவியதற்குக் காற்று மட்டும் காரணமில்லை. காற்றாலையில் போட்ட பணத்தின் பெரும்பகுதியை முதல் ஆண்டிலேயே தேய்மானமாக எழுதி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள விதி இடம் கொடுத்தது. 2012 ஏப்ரலில் அந்த 80 சதவீதச் சலுகை நின்றது, உற்பத்திக்கான ஊக்கத்தொகையும் அப்போதே நின்றது. முந்தைய ஆண்டில் நாடெங்கும் சுமார் 3,200 மெகாவாட் புதிய காற்றாலைகள் எழுந்தன. அந்த ஆண்டில் 1,700. 2014-இல் சலுகை திரும்பி வந்தது, 2017-இல் பாதியாகக் குறைந்தது. காற்று மாறவில்லை, விதிதான் மாறியது.

நிலக்கரி மேல்வரிக்கும் இதே கதி. பதினைந்து ஆண்டில் நான்கு வீதம், மூன்று பெயர், கடைசியில் இல்லாமலே போனது. நாற்பது ஆண்டு நிற்கும் சூளையை இந்த விலையை நம்பி யார் மாற்றிக் கட்டுவார்?

இலக்கும் சான்றும்

இந்தியா இப்போது எடுத்திருக்கும் பாதை வேறு. 2022-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் திருத்தப்பட்டது, 2023-இல் கரிம வரவு வர்த்தகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2025 அக்டோபரில் சிமெண்ட், அலுமினியம், காகிதம், குளோர்-ஆல்கலி ஆலைகளுக்கு இலக்குகள் வந்தன. இவற்றில் சிமெண்ட் ஆலைகள் மட்டும் 186. ஒவ்வோர் ஆலையும் ஒரு டன் உற்பத்திக்கு எவ்வளவு வெளியிடலாம் என்று ஓர் அளவு. அதற்குக் கீழே போனால் மிச்சமான ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு சான்று கிடைக்கும், விற்கலாம். மேலே போனால் சான்று வாங்க வேண்டும். வாங்காவிட்டால் சராசரி விலையைப் போல இரு மடங்கு இழப்பீடு.

நம் சூளைக்கே இதைப் பொருத்தலாம். டன் சிமெண்டுக்கு இலக்கைவிட 20 கிலோ அதிகம் வெளியிடுகிறது என்றால், 15 லட்சம் டன்னுக்கு 30,000 சான்று. 1,000 ரூபாய் வீதம் மூன்று கோடி. மூன்று கோடி மூட்டையில் பிரித்தால் மூட்டைக்கு ஒரு ரூபாய். முழுக் கரிக்கும் அதே விலை வைத்திருந்தால் மூட்டைக்கு 28 ரூபாய்க்கு மேல் ஏறியிருக்கும். ஆனால் ஆலை குறைக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் கிடைக்கும் ஆதாயம் இரண்டு முறையிலும் அதே 1,000 ரூபாய். வீடு கட்டுகிறவர் தலையில் ஏறாமல் ஆலையின் முடிவை மட்டும் நகர்த்தும் வழி இது. சிமெண்டையே அளவாகப் பயன்படுத்தக் கட்டடக்காரரைத் தூண்டாது என்ற குறை இதற்கு உண்டு.

பழைய அனுபவம் எச்சரிக்கை செய்கிறது. 2012-இல் தொடங்கிய எரிசக்தித் திறன் திட்டத்தின் முதல் சுற்று 2015-இல் முடிந்தது. சான்று விற்பனை தொடங்கவோ 2017 செப்டம்பர் ஆனது. இலக்குகள் தளர்வாக இருந்ததால் சான்றுகள் குவிந்தன, விலை சரிந்தது. முன்கூட்டியே முதலீடு செய்த ஆலைகளுக்குக் கைக்கு வந்தது கொஞ்சம்.

கருவேலங்காட்டுக்கும் விலை வரும்

இந்த விலை ஒருநாள் திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துச் சீமைக்கருவேலக் கரிமூட்டங்களையும் தொடும். மரம் காற்றிலிருந்து எடுத்த கரியே திரும்பப் போகிறது என்பதால் விறகுக்குக் கரிமக்கணக்கில் சுமை இல்லை. 1,000 ரூபாய் விலையில் ஒரு டன் இறக்குமதி நிலக்கரி 2,000 ரூபாய்க்கு மேல் கூடுதல் பாரம் சுமக்கும். அப்போது சீமைக்கருவேல விறகைத் தேடிச் சூளைகள் வரும். வெட்டிச் சுட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அது நல்ல விலையாகவும் ஆகலாம், விறகே கிடைக்காமல் போகவும் ஆகலாம். இலக்கு வகுக்கும் அலுவலகங்களில் இந்த ஊர்களின் பேர் அடிபட வேண்டும்.

மாநில அரசுக்கும் கையில் ஒரு கருவி இருக்கிறது. கல்வரி இன்று எல்லா ஆலைக்கும் ஒரே வீதம். குறைந்த கிளிங்கரில் சிமெண்ட் செய்யும் ஆலைக்கு, கரியமில வாயுவைப் பிடித்துக்காட்டும் ஆலைக்கு அதில் தள்ளுபடி கொடுத்தால், ஆந்திரத்தைப் பார்க்கும் அடுத்த சூளையை இங்கேயே, சுத்தமான சூளையாகக் கட்டவைக்கலாம். தள்ளுபடி வீதத்தை ஆண்டுதோறும் மாற்றாமல் பத்தாண்டுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

இப்போதைய சிமெண்ட் இலக்குகள் 2025-26, 2026-27 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே. சூளைக்கு ஆயுள் நாற்பது ஆண்டு. 2027-க்குப் பிந்தைய இலக்குகள் எப்போது வெளியாகின்றன, அவை எத்தனை ஆண்டுக்கு என்பதைத்தான் வாசகர்கள் செய்தித்தாளில் தேடிப் பார்க்க வேண்டும்.